தண்டவாளம் அகன்றது, வளைவு அகலவில்லை

கொழும்பு கோட்டையிலிருந்து அவிசாவளை ஏறக்குறைய 60 கிலோமீற்றர். களனிவெளிக் கோச்சி அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. அதே கோட்டையில் கரையோரப் பாதை வண்டியில் ஏறினால் வெள்ளவத்தை, தெஹிவளை, மொரட்டுவை எல்லாம் கழித்து, ஏறக்குறைய இரு மடங்கு தொலைவிலுள்ள காலியை விரைவு வண்டி இரண்டரை மணித்தியால அளவில் எட்டிவிடுகிறது. இரண்டும் இன்று ஒரே அளவுப் பாதைகள். தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம். ஓட்டுவது ஒரே திணைக்களம், எரிப்பது ஒரே டீசல். களனிவெளியின் தாமதத்துக்குக் காரணம் கேட்டால் ஒற்றைத் தண்டவாளம், எண்ணி மாளாத கடவைகள், பழைய சமிக்ஞை, பழுதான பெட்டிகள் என்று பட்டியல் நீளும். அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில், நூறு வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு சிறிய நீராவி எஞ்சின் இருக்கிறது. அந்தப் பாதை அதற்காகவே வளைக்கப்பட்டது. 1990களில் நாம் தண்டவாளத்தின் அகலத்தை மாற்றினோமே தவிர, பாதையை மாற்றவில்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் களனிவெளிப் பாதைக்கு இனி எவ்வளவு பணம் போட்டாலும் கிடைக்கும் பயன் அரைகுறையாகத்தான் இருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையின் முதல் கோச்சி 1864 டிசம்பரில் ஓடியபோதே நமது அளவு 5 அடி 6 அங்குலம் என்று முடிவாகியிருந்தது. இந்தியாவில் பெருந்தடங்களுக்குத் தேர்ந்த அளவு அது. கண்டிக்குப் போன பாதையும், பின்னர் தேயிலை மலைகளில் ஏறிய பாதையும், காலி, மாத்தறை வரை போன கரையோரப் பாதையும் அந்த அளவில்தான் போடப்பட்டன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிரித்தானியப் பேரரசு எங்கும் சிக்கனக் காற்று வீசியது. மேற்கு இந்தியாவில் எவரார்ட் கால்த்ரொப் என்ற பொறியியலாளர் பார்சி இலகுரகப் பாதையை 2 அடி 6 அங்குல அகலத்தில் அமைத்து 1897இல் ஓடவிட்டிருந்தார். பாரத்தை எல்லா அச்சுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தால் மெல்லிய தண்டவாளத்திலும் கனமான சரக்கை இழுக்கலாம் என்று அவர் செய்து காட்டினார். களனி கங்கைப் பள்ளத்தாக்கின் தோட்டத்துரைமார் தங்களுக்கு ஒரு பாதை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். அதற்குக் கிடைத்த விடையும் 2 அடி 6 அங்குலம்தான். சேர் வெஸ்ட் ரிட்ஜ்வே ஆளுநராக இருந்த காலத்தில் வேலை தொடங்கியது. பொரளையில் கொழும்புக் கோல்ஃப் கழகத்தின் மைதானத்தை இன்றும் களனிவெளி வண்டி நடுவே ஊடறுத்துப் போகிறது. அந்த மைதானத்துக்கும் அதே ஆளுநரின் பெயர்தான். துரைமாரின் விளையாட்டும் துரைமாரின் சரக்கும் ஒரே காணியில் சந்தித்துக்கொண்டன.

ஒடுக்கப் பாதை எதில் மிச்சம் பிடிக்கிறது என்று பார்க்கவேண்டும். சிலிப்பர் கட்டை குட்டையாகிறது, பாலம் இலேசாகிறது, மண் அணையின் அகலம் குறைகிறது. ஆனால் பெரிய மிச்சம் இவற்றில் இல்லை; வளைவில்தான். தண்டவாளங்கள் நெருங்கியிருந்தால், அச்சுகளும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால், வண்டி மிகச் சிறிய ஆரத்தில் திரும்பும். அப்படித் திரும்ப முடிந்தால் மேட்டை வெட்டத் தேவையில்லை, பள்ளத்தை நிரப்பத் தேவையில்லை, காணிச் சொந்தக்காரனோடு வழக்காடத் தேவையில்லை. மேடு வந்தால் சுற்று, வயல் வந்தால் ஒதுங்கு, யாரும் விற்க மறுத்த காணி வந்தால் வளைந்து போ. நுகேகொடைக்கும் கொட்டாவைக்கும் இடையில் மலை கிடையாது. மெல்ல ஏறி இறங்கும் தென்னங்காணியும் சதுப்பும் வயலுமாக இருந்த நிலம் அது. அந்த நிலத்தில் பாதை ஏன் இப்படி நெளிகிறது என்று வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் கேள்வி எழும். நில அமைப்பில் அதற்கு முழுப் பதில் இல்லை. ஒவ்வொரு நெளிவும் அன்று ஒருவர் சேமித்த பணம்.

இந்த நெளிவுகளில் ஓடுவதற்கு ஏற்ற எஞ்சின் ஒன்று தேவைப்பட்டது. கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டுவர்ட் கம்பனி செய்து கொடுத்தது. பின்னாளில் ஜே1 வகை என்று பெயர் பெற்ற அந்த எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஒன்றோடொன்று தண்டால் பிணைத்த ஆறு இயக்குச் சக்கரங்கள், பின்னால் மீண்டும் நான்கு சிறு சக்கரங்கள். முன்னும் பின்னும் உள்ள நந்நான்கு சக்கரங்கள் தனித்தனிப் போகிகளில் இருப்பதால், எஞ்சின் எந்தப் பக்கமாக ஓடினாலும் ஒரு போகி முன்னே போய் வளைவைத் தொட்டுப் பார்த்து, பின்னால் வரும் பாரமான உடலை மெல்லத் திருப்பிக்கொடுக்கும். தண்ணீர் கொதிகலனின் இரு பக்கத்துத் தொட்டிகளில்; நிலக்கரி சாரதி நிற்கும் அறைக்குப் பின்னால். தனியாக ஒரு நிலக்கரி வண்டியை இழுத்துத் திரிய வேண்டியதில்லை. ஆகவே பயண முடிவில் எஞ்சினைத் திருப்ப மேடையும் தேவையில்லை. பாதை முடியும் யட்டியாந்தோட்டையில் எஞ்சினைக் கழற்றி வண்டியின் மறுமுனையில் கொழுவி அப்படியே பின்னோக்கி ஓட்டி வரலாம். வளைவில் விறைத்து நிற்பது நடுவிலுள்ள மூன்று அச்சுகள் மட்டும்தான். அவற்றை எவ்வளவு நெருக்கி வைக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாக வளையலாம். எஞ்சின் வடிவத்தைத் தீர்மானித்தது பாதை; பாதையின் வடிவத்தைத் தீர்மானித்தது எஞ்சின். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வேகத்துக்கு இடமில்லை, தேவையும் இருக்கவில்லை. தேயிலைப் பெட்டி அவசரப்படுவதில்லை.

அந்தச் சிக்கனம் முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் இறப்பர் விலை ஏறியபோது களனிப் பள்ளத்தாக்கு முழுவதும் புதுத் தோட்டங்கள் முளைத்தன. தேயிலை, இறப்பர், சுரங்கத்திலிருந்து வந்த காரீயம் எல்லாம் கொழும்பை நோக்கி இறங்கின. மறுதிசையில் அரிசி ஏறியது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, செட்டியார் தெருவின் அரிசி வியாபாரிகள் கைமாற்றிய மூட்டைகளே தோட்டத் தொழிலாளரின் பங்கீட்டு அரிசியாகப் போயின. அவிசாவளை, தெஹியோவிற்ற, யட்டியாந்தோட்டை எங்கும் இன்று வாழும் மலையகத் தமிழர் குடும்பங்களின் பாட்டன்மார் அந்த அரிசிக்கும் அந்த இறப்பர் பாலுக்கும் இடையில் உழைத்தவர்கள். பாதை இரத்தினபுரிக்கு 1912இலும், ஓப்பநாயக்காவுக்கு 1919இலும் நீண்டது. ஆக, மலிவான பாதை தன் முதல் வேலையைச் செய்து முடித்தது, செய்ததால்தான் நீட்டினார்கள். ஆனால் ஒரு வில்லங்கம் முதல் நாளிலிருந்தே கூடவே வந்தது. மற்றப் பாதைகளின் வண்டி இதில் ஏறாது, இதன் வண்டி மற்றவற்றில் ஓடாது. சரக்கு கொழும்புக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றவேண்டும். கூலியும் நேரமும் கூடும். சேமித்த காசின் ஒரு பங்கு அங்கே செலவாயிற்று.

சரக்குக் கூடியதும் பாதையின் எல்லை தெரியத் தொடங்கியது. 1920களில் அதிகாரிகள் இரண்டு வகையில் சமாளித்தார்கள். பயணிகளுக்கு நீராவியால் ஓடும் செண்டினல் தொடருந்துப் பெட்டிகளை வாங்கினார்கள். எஞ்சினும் பயணிகளும் ஒரே வண்டியில், நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு கொதிகலனோடு. எடை குறைவு, செலவு குறைவு, நிறுத்திக் கிளப்புவது சுலபம். பஸ் போட்டி தலைதூக்கிய காலத்தில் அது புத்தியான பதில். இன்னொரு பக்கம், மான்செஸ்டரின் பேயர் பீகொக் கம்பனியிடமிருந்து ஒடுக்கப் பாதைக்கென்றே ஒரு கரட் எஞ்சின் வந்தது, ஒன்றே ஒன்று. கரட் என்பது ஒரு கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலும் இரண்டு தனி எஞ்சின் அடிப்பாகங்களை மூட்டுப்போல் இணைத்த அமைப்பு. நீளமாக இருக்கும், பலமாக இழுக்கும், ஆனாலும் இறுகிய வளைவில் திரும்பும். மெல்லிய தண்டவாளமும் வளைவும் மலிந்த இடங்களுக்காகவே பிறந்த எஞ்சின் அது. அதை வாங்கியதன் பொருள் என்ன? வளைவுகள் இடைஞ்சல் என்று 1920களிலேயே பொறியியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. வளைவை நிமிர்த்துவதா, வளைவில் திரும்பும் எஞ்சினை வாங்குவதா என்ற கேள்வியில் அவர்கள் எஞ்சினைத் தேர்ந்தார்கள். காணி அன்று இன்றைய விலையில் ஒரு துளிகூட இல்லை. நிமிர்த்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

பிறகு சுருங்கும் காலம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1903-04இல் போட்ட மலைநாட்டு ஒடுக்கப் பாதை 1940களில் மூடப்பட்டது. யட்டியாந்தோட்டைக் கிளையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போயிற்று. இது நமக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. தமிழ்நாட்டில் பஞ்சநிவாரணப் பாதையாகப் போட்ட மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் பாதையும், திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும் இதே 2 அடி 6 அங்குலம்; அவையும் 1941, 1942ஆம் ஆண்டுகளில் பிடுங்கப்பட்டன. போருக்கு இரும்பு வேண்டும் என்றபோது முதலில் கண்ணில் பட்டது ஒடுக்கப் பாதையின் இரும்புதான். தருமபுரி மக்கள் மீண்டும் ஒரு பாதை கேட்டு அதன் பிறகு பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்தார்கள். தண்டவாளத்தை ஒரு மாதத்தில் பிடுங்கலாம். அது கிடந்த காணியைத் திரும்ப எடுக்க ஒரு தலைமுறை போதாது. நம் நாட்டில் 1970களின் நடுப்பகுதியில் அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்கா வரையிலான பகுதி கைவிடப்பட்டபோதும் இதுவே நடந்தது. எஹெலியகொடை, குருவிட்டை, இரத்தினபுரி எங்கும் பழைய பாதைப் படுக்கைமேல் வீடும் கடையும் வீதியும் ஏறிவிட்டன. இரத்தினபுரிக்குப் பாதையை மீண்டும் போடுவோம் என்று எத்தனை அரசாங்கம் சொன்னாலும் தண்டவாளம் அங்கே போய்ச் சேரவில்லை.

ஏன் எப்போதும் ஒடுக்கப் பாதையே முதலில் பலியாகிறது? நட்டம் என்பது மேலோட்டமான பதில். நட்டத்தில் ஓடும் அகலப் பாதைகளும் உண்டு. தனித்து நிற்பதே உண்மைக் காரணம். அகலப் பாதையில் ஒரு எஞ்சின் பழுதானால் மாத்தறை வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து போடலாம். களனிவெளியில் பழுதானால் களனிவெளி நிற்கும். பி.டி. ரம்பலா புகையிரதத் திணைக்களத்தின் பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும் பின் பொது முகாமையாளராகவும் இருந்த காலத்தில் நீராவி போய் டீசல் வந்தபோதும், இந்த ஒரு பாதைக்காகத் தனியாகச் சிறு டீசல் எஞ்சின்கள் வாங்கவேண்டியிருந்தது. ஹன்ஸ்லெட், க்ருப் போன்ற கம்பனிகள் கொடுத்தன. உதிரிப்பாகம் தனி, பயிற்சி தனி, பட்டறை வேலை தனி. எண்ணிக்கை சிறிதாக இருக்கும் எதையும் எந்தத் திணைக்களமும் செல்லப்பிள்ளையாக வைத்திருப்பதில்லை. வரவு செலவுத் திட்டம் இறுகும் வருடத்தில் கத்தி அங்கேதான் இறங்கும்.

ஆகவே 1991இல் தொடங்கி 1990களின் இரண்டாம் பாதியில் அவிசாவளையில் முடிந்த அகலப் பாதை மாற்றம் சரியான முடிவு. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த மாற்றம் நடந்திராவிட்டால் இன்று பாதையே இருந்திருக்காது. நுகேகொடை, மகரகம, ஹோமாகமப் பக்கத்து அலுவலக ஊழியர்கள் எல்லாரும் 138 பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். குறை வேறொன்றில். பழைய படுக்கை, பழைய வளைவு, பழைய கடவை எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் அகன்ற தண்டவாளத்தைப் போட்டார்கள். ஜே1 எஞ்சினுக்கு வெட்டிய சட்டையை அதைவிடப் பன்மடங்கு பாரமான வண்டிக்குப் போட்டுவிட்டார்கள். வளைவில் வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: பயணி சாயாமல், சக்கரம் தண்டவாளத்தைத் தின்னாமல் இரு மடங்கு வேகத்தில் போகவேண்டுமானால், வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். எஞ்சினின் குதிரை வலுவைக் கூட்டினாலும், புதுப் பெட்டி வாங்கினாலும், ஓட்டுநருக்கு உத்தரவு போட்டாலும் இந்தக் கணக்கு அசையாது. புது வண்டி வந்த வாரம் செய்தித்தாளில் படம் வரும். அடுத்த வாரமே பயண நேரம் பழையபடி. இறுகிய வளைவில் சக்கர விளிம்பும் தண்டவாளமும் விரைவாகத் தேய்வதால் பராமரிப்புச் செலவும் ஏறும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் மிகக் கூர்மையானது புகையிரதம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். மலைநாட்டில் நானுஓயாப் பக்கம் அகலப் பாதையே ஐந்து சங்கிலி ஆரத்தில், அதாவது ஏறக்குறைய நூறு மீற்றரில், வளைகிறதே. உலகத்தில் அகலப் பாதைக்கு இவ்வளவு இறுகிய வளைவு அரிது. ஆகவே பழியை ஒடுக்கப் பாதைமேல் போடுவது நியாயமா என்பார்கள். நியாயமான கேள்வி. மலையில் வேறு வழி இல்லை. அங்கே வேகத்தை விட்டுக்கொடுத்து உயரத்தை வாங்கினோம். பதுளைக்குப் போகும் பயணி அதை ஏற்றுக்கொண்டே ஏறுகிறார். களனிவெளியின் முதல் பாதியில் விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக எதை வாங்கினோம்? 1900இல் மிச்சமான சில காணிகளின் விலையை. அந்தப் பயணி காலை ஏழரைக்கு வேலைக்குப் போகிறவர். ஜன்னலோரக் காட்சிக்காக ஏறியவர் அல்லர். மலைப் பாதையின் வளைவு இயற்கையிட்ட கட்டாயம், நகர்ப்புற வளைவு நாம் தீர்க்காமல் வைத்திருக்கும் கடன். இரண்டையும் ஒரு தட்டில் வைக்க முடியாது.

வளைவு ஒரு சின்னப் பிரச்சினை, உண்மையான தாமதம் ஒற்றைத் தண்டவாளமும் கடவைகளும் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. எதிரே வரும் வண்டிக்காக நிலையத்தில் காத்துக்கிடக்கும் நிமிடங்கள் வளைவில் இழக்கும் நிமிடங்களைவிடச் சில இடங்களில் அதிகம். ஆனால் இரண்டாவது தண்டவாளம் போடுவதற்குக் காணி எடுக்கத்தான் போகிறோம். எடுக்கும்போது பழைய வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவாக எடுப்பதா, வளைவை நிமிர்த்தி எடுப்பதா என்பதுதான் கேள்வி. முதலாவதைச் செய்துவிட்டால் அடுத்த நூறு வருடத்துக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள். 1991இல் செய்த அதே தவறை இரட்டைத் தண்டவாளத்தில் செய்தவர்கள் ஆவோம். கடவைகளுக்கும் இது பொருந்தும். வளைந்த பாதையில் உள்ள கடவை நேர்ப் பாதையில் உள்ளதைவிட ஆபத்தானது. வண்டி வருவது தொலைவிலிருந்து தெரியாது.

எனக்கே நெருடும் மறுப்பு மூன்றாவதுதான்: பாதையோரம் இருப்பவர்கள். தெமட்டகொடையிலிருந்து கிருலப்பனை வரை தண்டவாளத்தை ஒட்டி, சில இடங்களில் கை எட்டும் தூரத்தில், குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கொழும்புப் புறநகர்ப் புகையிரதத் திட்டத்தின் கீழ் களனிவெளிப் பாதையை ஆராய்ந்தபோது மிகப் பெரிய சிக்கலாக எழுந்ததும் இவர்களின் இடப்பெயர்வே. கொழும்பில் அபிவிருத்தி என்ற பெயரில் ஏழைகளை எங்கோ மாடிவீடுகளுக்கு அனுப்பிய வரலாறு நமக்குப் புதிதில்லை. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆகவே கோட்டையிலிருந்து அவிசாவளை வரை எல்லா வளைவையும் நிமிர்த்து என்று நான் கேட்கவில்லை. நகருக்குள், நுகேகொடை வரை, நிலையங்கள் நெருக்கம். வண்டி எப்படியும் நின்று நின்றுதான் போகும். அங்கே வளைவை நிமிர்த்தினாலும் மிச்சமாகும் நிமிடங்கள் கொஞ்சம், இடம்பெயரும் குடும்பங்கள் அதிகம். அங்கே மேம்பாலப் பாதை பணம் இருக்கும் காலத்தில் பார்க்கலாம், பணம் இல்லாத காலத்தில் அப்படியே விடலாம். ஆனால் கொட்டாவைக்கு அப்பால், ஹோமாகம, பாதுக்கை, வக, கொஸ்கமப் பக்கம், நிலையங்களுக்கு இடையே தூரம் இருக்கிறது, காணியும் ஓரளவு திறந்து கிடக்கிறது, வளைவுக்கு வளைவு மிச்சம் பிடிக்க இடமுண்டு. அந்தக் காணியும் இப்போதுதான் வீட்டுத் துண்டுகளாகப் பிரிகிறது. இன்னும் பத்து வருடம் பொறுத்தால் அங்கேயும் நகரின் கதைதான்.

பணம் எங்கே என்பது கடைசி மறுப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த நாட்டில் அதைக் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. மாலபேக்குப் போட இருந்த இலகு ரயில் திட்டமே 2020இல் கைவிடப்பட்டது. ஆனால் நான் முதலில் கேட்பது காணியை ஒதுக்கி வைப்பதைத்தான், கட்டுவதை அல்ல. எங்கே வளைவு நிமிரவேண்டும் என்று வரைந்து, அந்தக் கோட்டில் புதுக் கட்டிடத்துக்கு அனுமதி கொடுக்காமல் இருப்பதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. நில அளவையாளரும், நகர அபிவிருத்தி அதிகார சபையும், உள்ளூராட்சி மன்றங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். 1920களின் பொறியியலாளர்கள் தவறவிட்டது இந்த மலிவான வேலையைத்தான்.

இந்தக் கதையில் பழைய எஞ்சினுக்கு என்ன இடம்? ஜே1 வகையில் 220ஆம் இலக்க எஞ்சினும், செண்டினல் நீராவிப் பெட்டிகளில் 331ஆம் இலக்கமும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆர்வலர்கள் அவற்றை உல்லாசப் பயணிகளுக்கான காட்சிப் பொருளாகப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் காலனித்துவத்தின் இரும்புக் கழிவாகப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. துரைமாரின் சரக்குக்காக வந்த எஞ்சின் என்பது உண்மை. அதே காரணத்தால்தான் அது முக்கியம். ஏன் இப்படி ஒரு பாதை நமக்கு வாய்த்தது என்பதை எந்த அறிக்கையையும்விட அந்த நெருங்கிய மூன்று அச்சுகள் தெளிவாகக் காட்டும். நீலகிரி மலைப் பாதையைப் பாருங்கள். சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் பட்டறையில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914 முதல் அங்கே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறி வந்தன. அவை தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை 2011க்குப் பிறகு புது எக்ஸ் எஞ்சின்களையே செய்து கொடுத்தது. பழைய எஞ்சினை ஓட்டும் நிலையில் வைத்திருந்ததால்தான் அதைச் செய்யும் கையும் அங்கே மிச்சமிருந்தது. நமது இரத்மலானைப் பட்டறையிலும் கொதிகலன் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. 220ஐ ஓட்டும் நிலையில் வைப்பதற்கு ஆகும் செலவு, ஓர் அமைச்சரின் வாகன வரிசையின் செலவோடு ஒப்பிட்டால் வெட்கப்படத்தக்க அளவு சிறியது.

அத்துடன் எஞ்சினைவிடப் பெறுமதியான இன்னொன்றும் திணைக்களத்தில் இருக்கவேண்டும்: பாதை போட்ட காலத்துக் காணி வரைபடங்கள். எந்தத் துண்டு காணி புகையிரதத்துக்கு எடுக்கப்பட்டது, எல்லைக்கல் எங்கே நடப்பட்டது, எந்த வளைவு எந்த ஆரத்தில் வெட்டப்பட்டது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான். பாதையோரக் குடியிருப்பு வழக்குகளிலும், வளைவை நிமிர்த்தும் திட்டத்திலும் அவையே முதல் ஆதாரம். அவற்றை எண்ணிமமாக்கி, மக்கள் பார்வைக்கு வைத்தால் யாருடைய வீடு உண்மையில் புகையிரதக் காணியில் நிற்கிறது, யாருடையது நிற்கவில்லை என்ற சண்டையில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது.

இப்போது அவசரமாக முடிவு செய்யவேண்டியது இரத்தினபுரியைப் பற்றி. அவிசாவளையிலிருந்து அங்கே பாதை போடும் பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் தலைதூக்குகிறது. போடத்தான் வேண்டும், சப்ரகமுவ மாகாணத்தின் தலைநகருக்குக் கோச்சி இல்லை என்பது வெட்கம், அங்குள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் கொழும்புக்குப் போய்வர மலிவான வழி வேண்டும். ஆனால் 1912இன் படுக்கைமேல் போடக்கூடாது. அந்தப் படுக்கை 2 அடி 6 அங்குலத்துக்காக வளைத்தது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வீடாகவும் வீதியாகவும் மாறிவிட்டது. மீட்கச் செலவழிக்கும் பணத்தில் அதைவிட நேரான ஒரு கோட்டை வேறிடத்தில் எடுக்கலாம். பழைய படுக்கையில் புதுத் தண்டவாளம் என்ற திட்டம் எப்போதாவது அமைச்சரவைக்கு வந்தால், வளைவுகளின் ஆரத்தை அட்டவணையாகக் கேட்டு அதைத் திருப்பி அனுப்பவேண்டும்.